எட்டு லட்சம் மைக்ரோவோல்ட்

எட்டு லட்சம் என்றால்
யாருக்கும் கொஞ்சம் கை நடுங்கும்.
சுவர்க்கடிகார பேட்டரியில் பாதிதான் அது.
கோப்பில் எல்லாவற்றையும் மைக்ரோவோல்ட்டில் எழுதுவது வழக்கம்.
ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டால்
எங்கோ யாருடைய மேசையிலோ
ஒரு சில்லு வெந்துபோகும்.
புகை வாசம் இங்கே வராது.
அதனால் பூஜ்ஜியங்களை விரல் வைத்தே எண்ணுகிறேன்,
திரையில் ரேகை படிந்தாலும்.

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
கார்லோவாவில் ஒரு மரவீட்டின் இரண்டாம் மாடி.
ஷின்ச்சூவிலிருந்து பெய்-ஷான் அனுப்பியிருக்கிறாள்
ஒரு ரெகுலேட்டரின் வன்பொருள் விவரம், நான்காம் பதிப்பு.
சேர்த்தது பச்சை. நீக்கியது சிவப்பு.

முதல் பதிப்புக்கு நான் எழுதியது:
பெயரின் வாலில் எக்ஸ் போடாதே.
'இந்த வகைச் சில்லுகள் எல்லாம்' என்று ஒரு சில்லு
எந்த ஆலையிலும் பிறப்பதில்லை.
பிறந்தது எதுவோ அதன் பெயரைச் சொல்.
ஒருமுறை உள்ளே போன பெயர் கொடுத்த வாக்கு;
நாம் மறந்தாலும் பழைய பலகைகள்
அதைச் சொல்லித்தான் கூப்பிடும்.

இரண்டாவதுக்கு, இடைவெளிகள் பற்றி ஏதோ.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் கடுமையாக:
உன் டிரைவருக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறாய்.
பலகையில் என்ன இருக்கிறது என்று எழுது.
வேண்டுவது வேறு, இருப்பது வேறு.
அனுப்பியபின் நினைவு வந்தது,
இதையே லெம்பித் என்னிடம் சொல்லியிருக்கிறான்,
வேறேதோ சண்டையில்.

இந்த நான்காவதில் உறுத்துவது ஒரே வரி:
'எப்போதும் அணையாதிரு.'
ஏன்?
விளக்கத்தில் 'சேர்க்கிறோம்' என்று மட்டும்.
சேர்ப்பது தெரிகிறதே, பச்சையாகவே தெரிகிறது.
ஏன் என்பதற்குத்தான் நிறமில்லை.

சோம்பலில் போடுகிற வரி அது, எனக்குத் தெரியும்.
யார் எப்போது அணைப்பது என்று யோசிக்க அலுத்து
விளக்கை எரியவிட்டுப் படுக்கப் போவது.
'எடுத்துவிடு' என்று தட்டிக்கொண்டிருக்கையில்
லெம்பித் அவனையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டான்.
சமையலறையும் என் மேசைவிளக்கும் சேர்ந்தே செத்தன.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன்.
முன்பு குடியிருந்த வல்துர்
பென்சிலில் எழுதி ஒட்டிய சீட்டு:
ஒன்று, சமையலறை.
இரண்டு, குளியலறை.
மூன்று, தொடாதே.

ஒன்றும் இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.
விழுந்து கிடப்பது தொடாதே.

இது விவரமா? வல்துரின் பயம்.
ஏன் தொடக்கூடாது என்று எழுத
சீட்டில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது.
அவர் பெர்னுவுக்குப் போய்விட்டார்; எண்ணும் மாறிவிட்டது.
குளிரில் கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு தொட்டேன்.
கெட்டில் முனக ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

மேசைக்குத் திரும்பி 'எடுத்துவிடு'வை அழித்தேன்.
'ஏன்?' என்று மட்டும் அனுப்பினேன்.

அவளுக்கு ஆறு மணிநேரம் முன்னால் விடிகிறது.
நான் எழுந்தபோது பதில் காத்திருந்தது:
'நினைவகம் குடிக்கிற மின்சாரம் அந்த வழியில்தான் வருகிறது.
யாரும் கேட்கவில்லை என்று கெர்னல் அதை அணைத்துவிடுகிறது.
அப்புறம் பலகை பேசாது,
ஏன் செத்தேன் என்று சொல்லவும் வாயிருக்காது.
கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.
எழுத வெட்கமாக இருந்தது.'

சோம்பல் என்று நான் நினைத்தது
மூன்று நாள் தூக்கம்.
வெட்கத்தை விடு என்று எழுதினேன்.
அந்த மூன்று நாளை மூன்று வரியாக்கி விளக்கத்தில் போடு,
பத்து வருஷம் கழித்து எவனோ ஒருவன்
டார்ச்சோடு வந்து நிற்பான்.

ஐந்தாம் பதிப்பு வெள்ளிக்கிழமை வந்தது.
பூஜ்ஜியங்களை மறுபடி எண்ணினேன். ஐந்து.
ஒரு எழுத்துப்பிழை; பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.
அடியில் என் பெயரைப் போட்டேன்.

பெட்டியில் வல்துரின் சீட்டு
இன்னும் அப்படியேதான் இருக்கிறது.